ஒரு வேலி நிலமும் நூற்று அறுபத்தேழு பூச்சிகளும்: சம்பாப் பருவப் புகையான் தாக்குதல் குறித்த நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் வேளாண் விரிவாக்கப் பணியில் உழவியலாளனாக இருந்தபோது, ஒரு சம்பாப் பருவம் முழுவதும் ஒரே விவசாயியின் வயலைத் தொடர்ந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்தப் பருவத்தில் நான் சொன்ன யோசனைகளுள் சில பலித்தன. ஒன்று தவறியது, அந்தத் தவறு அவருக்கு ஐந்து மா நிலத்தின் விளைச்சலில் கணிசமான பகுதியைத் தின்றுவிட்டது. அது எங்கே நேர்ந்தது என்பதைப் பிற்பாடு குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கண்டுகொண்டேன். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஊரின் பெயரும் தொடர்புடையவர்களின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

பின்னணி

ஊர் திருவாரூர் மாவட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையை ஒட்டியது. கனத்த களிமண் பூமி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறக்கும் ஆண்டுகளிலும் இந்த ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறையாக வந்து சேர ஆடி பிறந்துவிடும் என்பதால், ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் சிலரைத் தவிர மற்றவர்கள் குறுவையைக் கைவிட்டுச் சம்பா ஒன்றையே நம்பியிருக்கிறார்கள். ஆவணி கடைசியில் நாற்றுவிட்டுப் புரட்டாசியில் நட்டால், பயிரின் வளர்ச்சிக் காலம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குள் விழும். விதைக்கும்போது தண்ணீர் வரவில்லை என்று கவலைப்படும் அதே விவசாயி, கதிர் வாங்கும்போது தண்ணீர் வடியவில்லை என்று கவலைப்படுவார்.

இந்த ஆய்வுக்குரிய விவசாயி அறுபதைக் கடந்தவர், ஒரு வேலி சொந்த நிலம் உடையவர். ஒரு வேலி என்பது இருபது மா, மா என்பது முப்பத்து மூன்று சென்ட். நிலம் மூன்று துண்டாக இருந்தது. வாய்க்காலை ஒட்டி ஒன்பது மா, அதற்கு மேற்கே சற்று மேடான ஆறு மா, வடிகாலை ஒட்டிய பள்ளத்தில் ஐந்து மா. பள்ளத் துண்டுக்கு அடுத்தாற்போல அவருடைய அண்ணன் மகனுக்கு நான்கு மா இருந்தது. எல்லாவற்றிலும் ஆந்திராவின் பாபட்லாவில் உருவாக்கப்பட்ட பிபிடி 5204 ரகம்தான். டெல்டாவில் இதை ஆந்திரா பொன்னி என்பார்கள். சன்ன அரிசி, நல்ல விலை, வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்வார். தண்டின் சாற்றை உறிஞ்சிப் பயிரைத் தீய்ந்ததுபோல் காயவைக்கும் பூச்சியான புகையானுக்கும், பூஞ்சையால் வரும் குலைநோய்க்கும் எளிதில் இலக்காகும் ரகம் என்பது தெரிந்தும் அவர்கள் அதை விடாததற்குக் காரணம் இதுதான், அந்தக் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை. ரகத்தை மாற்றச் சொல்லி நான் பேச்சைத் தொடங்கவில்லை.

அவர் என்னிடம் வந்தது ஆனி மாதத்தில். முந்தைய சம்பாவில் மூன்று மா நிலம் புகையானில் தீய்ந்து, அறுவடை இயந்திரத்தை அதற்குள் இறக்காமலே விட்டிருந்தார். ஆறு முறை மருந்து அடித்தும் அப்படி ஆகியிருந்தது. அவருடைய கேள்வி ஒரே வரிதான்: “எந்த மருந்து நல்ல மருந்துன்னு மட்டும் சொல்லுங்க தம்பி, அதையே வாங்கிடறேன்.”

கடைச் சீட்டுகள்

மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் சென்ற ஆண்டின் கடைச் சீட்டுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அறுவடைக்குப் பின் கணக்கு முடிக்கும் கடன் என்பதால் சீட்டுகள் பத்திரமாக இருந்தன. திண்ணையில் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, நடவு நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எழுதினோம்.

முதல் சீட்டு நட்ட 22ஆம் நாளுக்குரியது: இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு செயற்கைப் பைரித்ராய்டு கலவையும் அதனுடன் ஒரு டானிக்கும். 38ஆம் நாள் அதே கலவை மறுபடியும். 55ஆம் நாள் குருத்துப்பூச்சிக்கு வேறொன்று. அதன் பிறகு மூன்று வார இடைவெளி. பிறகு பத்து நாள்களுக்குள் மூன்று சீட்டுகள், மூன்றும் புகையானுக்கு, மூன்றும் வெவ்வேறு மருந்து. உரச் சீட்டுகளைத் தனியாகக் கூட்டினோம். ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., மூன்றரை மூட்டை யூரியா. 45 கிலோ மூட்டைக் கணக்கில் பார்த்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் ஏக்கருக்கு ஏறத்தாழ 81 கிலோ வந்தது. சம்பா ரகங்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது எக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ.

இந்த அடுக்கைப் பார்த்ததும் எனக்கு ஓரளவு விளங்கிவிட்டது. புகையான் தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. முட்டையை இலையுறையைக் கீறி அதன் திசுவுக்குள் வைக்கிறது. மேலிருந்து அடிக்கிற மருந்து பயிரின் மேல்பரப்பில் திரியும் சிலந்திகளையும், புகையான் முட்டையை உறிஞ்சித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் முதலில் கொல்கிறது. இலையுறைக்குள் இருக்கும் முட்டைக்கு எதுவும் ஆவதில்லை. பொரித்து வெளியே வரும் குஞ்சுகளுக்கு எதிரியில்லாத வயலும், அதிக யூரியாவால் சாறு கொழுத்த தண்டும் தயாராக இருக்கின்றன. இலைச்சுருட்டுப் புழுவுக்காக 22ஆம் நாள் தொடங்கிய செலவுதான் மார்கழியில் புகையானாகத் திரும்பி வந்தது என்று நான் கருதினேன். பைரித்ராய்டு வகைகளும் குயினால்பாஸ் போன்ற சில பழைய மருந்துகளும் புகையானின் மறு எழுச்சிக்கு வழிவகுக்கும் என்று பயிர்ப் பாதுகாப்புக் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் கடைக்காரர் கையேட்டைக் கொடுப்பதில்லை, கடன் கொடுக்கிறார். அறுவடை வரை காத்திருக்கும் கடனோடு சேர்ந்து வரும் யோசனைக்கு எடை அதிகம். இதை நான் கடைக்காரர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ஊரில் விடியற்காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற ஒரே ‘பயிர் மருத்துவர்’ அவர்தான்.

பருவத்துக்கு முன் எடுத்த முடிவுகள்

நான்கு முடிவுகளை எடுத்தோம். முதலாவது, நட்ட முதல் 40 நாளில் இலை தின்னும் புழு எதற்கும் மருந்து அடிப்பதில்லை. தூர் கட்டும் பருவத்தில், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும் பருவத்தில், நெற்பயிர் இழந்த இலையை ஈடுகட்டிவிடும் என்பது பல நாடுகளில் சோதிக்கப்பட்ட ஒன்று. வியட்நாமின் மெக்கோங் டெல்டாவில் 1994இல், விதைத்த முதல் 40 நாளுக்கு இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்ற ஒரே செய்தியை மட்டும் வைத்துப் பெரிய பிரச்சாரமே நடத்தினார்கள். இந்தோனேசியா 1986இல் ஒரே ஆணையில் நெல்லுக்கான 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததும் புகையானின் காரணமாகத்தான். இரண்டாவது, யூரியாவை இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவது, அதாவது இலையின் பச்சையை அட்டையின் நிறங்களோடு ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் மட்டும் இடுவது. மூன்றாவது, எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடுவது, அதாவது நடவு வரிசைகளுக்கு நடுவே அடிவரை வெயிலும் காற்றும் இறங்க வெற்றுப் பாதை விடுவது. நான்காவது, வாரம் ஒரு முறை வயலில் இறங்கிக் குத்துகளில், அதாவது ஒரே இடத்தில் நட்ட நாற்றிலிருந்து கிளைத்த பயிர்க் கொத்துகளில், பூச்சியை எண்ணுவது.

மூன்றாவது முடிவு பாதிதான் நிறைவேறியது. நடவுக்கு வந்தவர்கள் வெளிமாநிலத்திலிருந்து வந்து மாக்கணக்கில் கூலி பேசி நடும் குழுவினர். கயிறு பிடித்துப் பட்டம் விடுவதற்கு ஆகும் நேரம் அவர்களுக்கு நட்டம். மேட்டுத் துண்டான ஆறு மாவில் விவசாயி கூடவே நின்று பட்டம் விடவைத்தார். மதியத்துக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் மற்ற இரண்டு துண்டுகளும் பட்டமில்லாமல் முடிந்தன. நான் அன்று வேறொரு ஊரில் கூட்டத்தில் இருந்தேன்.

நட்ட 26ஆம் நாள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் இலைச்சுருட்டுப் புழு வந்தது. வாய்க்கால் பக்கத்துத் துண்டில் வெள்ளைக் கோடு விழுந்த இலைகள் வரப்பிலிருந்தே தெரிந்தன. சுற்றியிருந்த வயல்களில் விசைத்தெளிப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் மகன் தன்னுடைய நான்கு மாவுக்கு அன்று காலையிலேயே அடித்துவிட்டிருந்தார்.

பத்துக் குத்துகளைப் பிடித்து இலைகளை எண்ணினோம். நூற்றுக்குப் பதினொன்று பாதிக்கப்பட்டிருந்தன. பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்துச் செலவு தகும் என்று கருதப்படும் சேத அளவு, இந்தப் பருவத்தில் பத்து விழுக்காடு என்பதால், ஏட்டுப்படி பார்த்தால் அடிக்கலாம் என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் வேண்டாம் என்றேன். சுருட்டிய இலைகளைப் பிரித்துப் பார்த்ததில் மூன்றில் ஒன்றில் புழு செத்துக் கிடந்தது அல்லது ஒட்டுண்ணிக் குளவியின் சிறிய வெண்கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவருக்கும் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஆனால் அவர் சொன்னது வேறு: “நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஆனா போற வர்றவன் எல்லாம் கேக்கறானே.”

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றுள் முக்கியமானது அந்தச் சொல்லில் இருக்கிறது. மருந்தடிக்கச் சொல்லிப் பயிர் போனால் பூச்சியின் மீது பழி விழும். அடிக்க வேண்டாம் என்று சொல்லிப் பயிர் போனால், சொன்னவன் மீதும் கேட்டவன் மீதும் பழி விழும். தெருவே பார்க்கும்போது வரப்பில் சும்மா நிற்பது ஒரு விவசாயிக்கு எளிதல்ல. ஆகவே கையில் ஒரு வேலை கொடுத்தேன். இரண்டு பேர் இரு வரப்பிலும் நின்று கயிற்றைப் பயிரின் மேல் இழுத்துப் போனால் சுருள்கள் பிரிந்து புழுக்கள் தண்ணீரில் விழும் என்றேன். ஒரு மாலை முழுவதும் இழுத்தார்கள். அதனால் புழு எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு பதில் இருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு வாரத்தில் புதுத்தூர்கள் மேலெழுந்து, பழைய வெள்ளைக் கோடுகள் கீழே மறைந்துவிட்டன.

யூரியா விஷயத்தில் அவர் எளிதாக இணங்கினார், பணம் மிச்சமாகிறது என்பதால். இலை வண்ண அட்டையை அவருடைய பேத்திதான் பள்ளிக்குப் போகும் முன் கொண்டுபோய் இலைமீது வைத்துப் பார்த்துச் சொல்வாள். பருவம் முடியும்போது ஏக்கருக்கு இரண்டேகால் மூட்டை யூரியாதான் போயிருந்தது.

குழல் விளக்கு

நட்ட 52ஆம் நாளை ஒட்டி, தாழ்வழுத்த மழை ஒன்று கடந்து போன மறுநாள் மாலை, ஊர்க் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கடையின் குழல் விளக்கைச் சுற்றி நெல்லின் உமியைவிடச் சிறிய பழுப்புப் பூச்சிகள் மொய்த்தன. ஒன்று தேநீரில் விழுந்தது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

அது நீண்ட சிறகுள்ள புகையான். கூட்டம் கூட்டமாகப் புதுவயல் தேடி வரும் வடிவம் அதுதான். வந்த பூச்சி முட்டை வைத்து, அது பொரிக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். குஞ்சு வளர இரண்டு வாரம். ஆக, ஏறத்தாழ 78ஆம் நாள் இந்த ஊரில் பிறந்த முதல் தலைமுறை முதிர்ந்து நிற்கும் என்று அன்றிரவே காகிதத்தில் கணக்குப் போட்டிருக்க முடியும். போடவில்லை. விளக்குப்பொறி வைக்கச் சொல்லிப் பயிற்சி வகுப்பு நடத்துகிற நான், கண்ணெதிரே எரிந்த விளக்குப்பொறியின் கீழ் உட்கார்ந்து தேநீர் குடித்தேன் என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

நட்ட 78ஆம் நாள்

செய்தி வந்தது வரப்புப் புல் அறுக்கும் ஒரு பெண்ணிடமிருந்து. ஐம்பது வயதிருக்கும். நடவு, களை, புல்லறுப்பு என்று அந்த வேலி நிலத்தை எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர். புல்லுக்காகப் பள்ளத் துண்டின் ஓரத்தில் காலை வைத்தவர், மேலேறி வந்து முழங்காலுக்குக் கீழே காட்டினார். ஈரக் காலில் தவிடு தூவியதுபோல் பூச்சி ஒட்டியிருந்தது. “உள்ள கால வெச்சா ஏறுது சார். போன வருசமும் இப்படித்தான் ஏறுச்சு, யாரும் கேக்கல” என்றார்.

அன்று பிற்பகலே எண்ணினோம். முறை எளியது. குத்தைச் சாய்த்து, அடியில் வெள்ளைத் தட்டைப் பிடித்து, தண்டை நாலு தட்டுத் தட்டினால் விழுவதை எண்ணலாம். பத்துக் குத்துகள்: வாய்க்கால் துண்டில் நான்கு, மேட்டுத் துண்டில் மூன்று, பள்ளத் துண்டில் மூன்று. பூச்சிகள் மொத்தம் 167. சிலந்திகள் 9. குத்துக்குச் சராசரியாக 14 தூர். விதி இதுதான்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குத்துக்கு ஏறத்தாழ 17 பூச்சி, ஒரு சிலந்தி. பொறுக்கக்கூடிய எல்லை 28. எல்லைக்கு வெகு கீழே இருக்கிறோம் என்று சொன்னேன். மருந்து வேண்டாம், தண்ணீரை வடித்துவிடுங்கள், பட்டம் இல்லாத இடத்தில் கழியால் பயிரை இருபுறமும் விலக்கிவிட்டுப் பாதை திறங்கள், மூன்று நாளில் மறுபடி எண்ணுவோம் என்று முடிவெடுத்தோம்.

தவறு இங்கேதான். துண்டு வாரியாக எழுதியிருந்த குறிப்பை நான் ஒரே சராசரியாகக் கூட்டிவிட்டேன். பின்னர் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இது: வாய்க்கால் துண்டில் நான்கு குத்துக்கு 68 பூச்சி, 4 சிலந்தி. பட்டம் விட்ட மேட்டுத் துண்டில் மூன்று குத்துக்கு 27 பூச்சி, 4 சிலந்தி. பள்ளத் துண்டில் மூன்று குத்துக்கு 72 பூச்சி, சிலந்தி ஒன்றே ஒன்று. அந்தத் துண்டுக்குப் பொருந்த வேண்டிய எல்லை 14, அங்கே இருந்ததோ 24. மேட்டு வயலின் சிலந்திகளைப் பள்ள வயலின் கணக்கில் எழுதி, அந்தக் கணக்கை நம்பி நான் காத்திருந்தேன். மேலும், தட்டில் விழுந்தவற்றுள் பெரும்பாலானவை கட்டைச் சிறகுள்ள பெண் பூச்சிகள். அவை பறந்து போகாது, இருந்த இடத்திலேயே முட்டை வைத்துக்கொண்டிருக்கும். இன்றைய எண்ணிக்கையைவிட அடுத்த வார எண்ணிக்கைதான் அங்கே முக்கியம். பூச்சியின் தலையை எண்ணினேன், அதன் பருவத்தை எண்ணவில்லை.

அடுத்த ஆறு நாள்கள்

மேட்டுத் துண்டில் தண்ணீர் ஒரே நாளில் வடிந்தது, வாய்க்கால் துண்டில் இரண்டு நாளில். பள்ளத் துண்டில் மடையைத் திறந்ததும் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வந்தது. வடிகால் வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டு, வாய்க்கால் மட்டம் வயல் மட்டத்துக்கு மேலே நின்றது. விவசாயி மடையை மறுபடி அடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீரை வடியுங்கள் என்பதை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், எங்கே வடிப்பது என்பதை அதுவரை நான் கேட்டுக்கொண்டதில்லை.

81ஆம் நாள் எண்ணுவதாகச் சொல்லியிருந்தேன். அலுவல் காரணமாகப் போக முடியவில்லை. அன்று அண்ணன் மகன் பொறுமையிழந்து, தன் நான்கு மாவில் பைரித்ராய்டு கலந்த மருந்து ஒன்றை விசைத்தெளிப்பானால் மேலோட்டமாக அடித்தார். மறுநாள் காலை தண்ணீரில் செத்து மிதந்த பூச்சிகளைப் பார்த்து ஊரே நல்ல மருந்து என்றது. மிதந்தவற்றில் சிலந்திகளும் நிறைய இருந்ததாகப் புல் அறுக்கும் அந்தப் பெண் பிறகு சொன்னார்.

84ஆம் நாள், கதிர் வெளிவரத் தொடங்கிய நேரத்தில், துண்டு துண்டாகத் தனித்தனியே எண்ணினோம். மேட்டுத் துண்டில் குத்துக்கு 13. வாய்க்கால் துண்டில் 31, பெரும்பாலும் குஞ்சுகள். பள்ளத் துண்டில் தட்டில் விழுந்தவற்றை எண்ணி முடிக்க முடியவில்லை, தொண்ணூறோடு நிறுத்திக்கொண்டோம். மேட்டுத் துண்டுக்கு மருந்தில்லை என்றும், மற்ற இரண்டுக்கும் புப்ரோபெசின் ஏக்கருக்கு 320 மில்லி என்றும் முடிவு செய்தோம். இந்த மருந்து குஞ்சுகள் தோலுரிப்பதைத் தடுத்துக் கொல்வது. முதிர்ந்த பூச்சியை உடனே கொல்லாது, ஆனால் குஞ்சுகள் மிகுந்த அந்த நாளுக்கு அது பொருந்தியது. சிலந்திகளுக்கும் அதனால் பெரிய கேடில்லை.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிட அடிக்கும் முறைக்குத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. வழக்கமாக ஏக்கருக்கு ஐந்தாறு டேங்க் அடிக்கும் ஊர் அது. நான் பன்னிரண்டு டேங்க் கேட்டேன். விசைத்தெளிப்பான் வேண்டாம், கைத்தெளிப்பான்தான் வேண்டும், அதன் முனையைத் தண்டின் அடிக்குக் கொண்டுபோக வேண்டும், ஒருவர் கழியால் பயிரை விலக்கிக்கொண்டே முன்னால் நடக்க வேண்டும், பூப்பு நேரமான முற்பகலைத் தவிர்த்து மாலையில் அடிக்க வேண்டும் என்றேன். கூலி இரட்டிப்பாகும் என்று மருந்தடிப்பவர் சொன்னார். விவசாயி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றார். போன வருடம் ஆறு தடவை அடித்த கூலி அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். வாய்க்கால் துண்டில் சொன்னபடி நடந்தது. பள்ளத் துண்டில் கணுக்கால் தண்ணீரில், தழைத்துச் சாயத் தொடங்கியிருந்த பயிருக்குள் முனையை அடிவரை கொண்டுபோக முடியவில்லை.

95ஆம் நாள், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பள்ளத் துண்டில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம் வைக்கோல் நிறமாகத் தெரிந்தது. நாலு நாளில் அது நெல்லடிக்கும் களம் அளவுக்கு விரிந்தது, பக்கத்தில் இன்னொன்றும் கிளம்பியது. அண்ணன் மகனின் நான்கு மாவில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வயலே வறுத்ததுபோல் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தில் காற்றடித்தால் இலைகள் சருகுபோலச் சலசலத்தன. பால் பிடிக்க வேண்டிய கதிர்கள் வெளிறி நின்றன.

அறுவடை

தை பாதியைக் கடந்து செயின் வண்டி (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) இறங்கியது. துண்டு வாரியாகத் தனித்தனியே மூட்டை பிடிக்கச் சொல்லியிருந்தோம். 60 கிலோ மூட்டைக் கணக்கில் மாவுக்கு மேட்டுத் துண்டு 11, வாய்க்கால் துண்டு பத்தரை, பள்ளத் துண்டு 7. அண்ணன் மகனுக்கு நாலரை, அதிலும் கருக்காய் (மணி பிடிக்காத பதர்) அதிகம் என்று வியாபாரி விலை குறைத்தார். தீய்ந்த இடத்து வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. புகையான் கழித்த இனிப்பு நீரில் கரும்பூசணம் படிந்திருந்தது காரணமாக இருக்கலாம்.

பாதிக்கப்படாத இடத்தில் முந்தைய ஆண்டு மாவுக்குப் பத்து மூட்டை எடுத்ததாக விவசாயி சொன்னார். ஏக்கருக்கு ஒன்றேகால் மூட்டை யூரியா குறைந்தும் விளைச்சல் குறையவில்லை என்பது அவருக்கு வியப்பு. மருந்துக் கணக்கில் ஒரு துண்டுக்கு ஒன்றுமில்லை, மற்ற இரண்டுக்கும் தலா ஒரு முறை.

இந்த எண்களிலிருந்து எவ்வளவு தூரம் முடிவுக்கு வரலாம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். மேட்டுத் துண்டு தப்பியதற்குப் பட்டம் காரணமா, மேடு காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நிலத்தில் சேர்ந்து அமைந்துவிட்டன. அண்ணன் மகனின் வயல் அழிந்ததற்கு அவர் இருமுறை அடித்த பைரித்ராய்டு ஒரு காரணம் என்று நம்புகிறேன். ஆனால் அவருடைய நிலமும் அதே வடிகாலை ஒட்டிய பள்ளம்தான், யூரியாவும் பழைய அளவுதான். இது ஒரு வேலியின் ஒரு பருவத்துக் கதை, ஆராய்ச்சி நிலையத்துச் சோதனை வயல் அல்ல.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எண்ணிக்கையைச் சராசரியாக்குவதை அன்றோடு விட்டுவிட்டேன். மேடு பள்ளம் மாறும் ஒவ்வொரு துண்டும் எனக்கு இப்போது தனி வயல், பள்ளத்தில்தான் எண்ணத் தொடங்குகிறேன். 78ஆம் நாளில் ஐந்து மாவுக்கு மட்டும் மருந்து சொல்லியிருந்தால் பயிர் சாய்வதற்கு முன் முனை அடிவரை எட்டியிருக்கும். ‘இந்தத் துண்டுக்கு அடி, அந்தத் துண்டுக்கு அடிக்காதே’ என்று சொல்வது ஒரே உரிமையாளரிடம் குழப்பமாக ஒலிக்கும் என்று தயங்கியதும் ஒரு காரணம். அந்தத் தயக்கத்துக்கு அடிப்படையே இல்லை. அவர் மூன்று துண்டுக்கும் மூன்று விதமாகத் தண்ணீர் கட்டுகிறவர்.

வருகிறேன் என்று சொன்ன நாளில் போகாமல் விட்டது இரண்டாவது தவறு. பொறுங்கள் என்ற யோசனைக்குத் தேதி உண்டு. அந்தத் தேதியில் யோசனை சொன்னவன் வரப்பில் நிற்காவிட்டால் அது யோசனையாக இருப்பதில்லை, கைவிட்டதாக ஆகிறது. அண்ணன் மகன் கடைக்குப் போனது 81ஆம் நாள் மாலை, நான் வராத அதே நாள். எங்கள் மாதாந்திரப் படிவத்தில் எத்தனை செயல்விளக்கம், எத்தனை பயிற்சி, எத்தனை பேர் பயன்பெற்றனர் என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. அடிக்காமல் தவிர்த்த மருந்துக்கோ, போவதாகச் சொல்லிப் போகாத வயலுக்கோ கட்டம் இல்லை.

மூன்றாவது, எண்ணுகிறவர் யார் என்பது. நாற்பது நிமிடப் பயணத் தூரத்தில் இருக்கும் என்னை நம்பி வாராந்திர எண்ணிக்கையை வைத்தது திட்டத்தின் பலவீனம். வயலில் தினமும் கால் வைக்கிறவர் ஒருவர் இருந்தார், முந்தைய ஆண்டே அவர் பார்த்தும் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது அவரே சொன்னது.

பின் நிகழ்ந்தவை

அடுத்த சம்பாவில் ஆறு விவசாயிகள் சேர்ந்து அந்தப் பெண்ணுக்கு வாரம் ஒரு அரைநாள் கூலி கொடுத்துப் பூச்சி எண்ண ஏற்பாடு செய்தார்கள். வெள்ளைத் தட்டும் கோடு போட்ட நோட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன். பூச்சிக்கு ஒரு கோடு, சிலந்திக்கு ஒரு சுழி என்று அவரே குறியீடு வைத்துக்கொண்டார். கட்டைச் சிறகுப் பூச்சிக்கு அவர் வைத்த குறி கோட்டின் மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு நானும் என் குறிப்பேட்டில் அதையே எழுதுகிறேன். பருவ நடுவில் இரண்டு பேர் கூலி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மற்ற நால்வர் தொடர்ந்தார்கள். 26ஆம் நாள் வாக்கில் இலைச்சுருட்டுப் புழு வந்தபோது அந்த நால்வரில் மூவர் அடிக்கவில்லை. அண்ணன் மகன் அடித்தார். ஆனால் அடித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார், முன்பெல்லாம் சொல்லமாட்டார்.

பள்ளத் துண்டில் விவசாயி பிபிடியை விட்டுவிட்டு, சில நாள் மூழ்கினாலும் தாங்கக்கூடிய சி.ஆர். 1009 சப்-1 ரகத்துக்கு மாறினார். வயது அதிகம், அரிசி மோட்டா, விலை குறைவு. தண்ணீர் வடியாத நிலத்துக்கு இதுதான் சரி என்று அவரே முடிவெடுத்தார், நான் சொல்லவில்லை.

வடிகாலைத் தூர்வாரச் சொல்லி விவசாயிகள் கையெழுத்திட்டு இரண்டு மனுக்கள் கொடுத்திருக்கிறார்கள். முதல் மனுவின் பேரில் மேல்பகுதியில் கொஞ்ச தூரம் இயந்திரம் வந்து அள்ளிவிட்டுப் போனது. இந்த வேலி நிலத்தை ஒட்டிய பகுதியில் நெய்வேலிக் காட்டாமணக்கு இப்போதும் இரு கரையிலிருந்தும் சாய்ந்து நடுவில் கைகோத்து நிற்கிறது. சென்ற வாரம் போனபோது அதில் ஊதாப் பூ பூத்திருந்தது.